ஏகலைவனின் கட்டைவிரலும் ஒரு பத்து வயதுக் கேள்வியும்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குச் சுலோக வகுப்பு எடுக்கிறேன். 5 முதல் 13 வயது வரை 16 பிள்ளைகள். குரு பூர்ணிமா வருகிறதே என்று போன வாரம் ஏகலைவன் கதையைச் சொன்னேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி, "அப்ப எங்க டான்ஸ் மிஸ் கேட்டா நானும் விரலை வெட்டிக் குடுக்கணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பேச்சு வீடுகளுக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மா, "டீச்சர் எது சொன்னாலும் கேட்கணும்னு சொல்லித் தராதீங்க, காலம் சரியில்லை" என்கிறார். இன்னொரு பையனின் தாத்தா, "குரு சொன்னால் மறுபேச்சு கூடாது, அதுதான் சம்பிரதாயம்" என்கிறார். பாத பூஜை வைக்கவும் சொல்கிறார்கள். எந்த வயதுக்கு எதைச் சொல்வது? விழாவை எப்படி நடத்துவது? இன்னும் 5 வாரம் இருக்கிறது.
– வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் பதில். வரும் ஞாயிறு வகுப்பு தொடங்கியதும், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்: "போன வாரம் நல்ல கேள்வி கேட்டாய். வெட்டிக் கொடுக்க வேண்டாம். எந்த குருவும் உன் உடம்பைக் கேட்கக் கூடாது. கேட்டால் தப்பு அவர்மேல்." இதற்குமேல் விளக்கம் வேண்டாம். சுற்றி வளைத்தால் 'ஆன்ட்டி மழுப்புகிறார்' என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும்.

அப்படிச் சொன்னால் மகாபாரதத்தை அவமதித்ததாகாதா என்று உங்களுக்கே தோன்றலாம். ஆகாது. ஆதி பர்வத்தில் கட்டைவிரலைக் கேட்கும் இடத்தில், துரோணரின் சொல்லைக் கொடிய சொல் என்றுதான் வியாசரே குறிக்கிறார். விரல் போனதும் அர்ஜுனனின் மனக்காய்ச்சல் தீர்ந்தது என்றும் எழுதுகிறார். 'உனக்கு மிஞ்சிய வில்லாளி என் சீடரில் இருக்கமாட்டான்' என்று அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் துரோணர் அந்தத் தட்சிணையைக் கேட்டார். அத்தனைக்கும் ஏகலைவனுக்கு அவர் ஒரு நாள்கூடப் பாடம் சொன்னதில்லை. காவியம் ஏகலைவனின் உறுதியைக் காட்டுகிறது, துரோணரின் பிழையை மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் படக்கதைகள்தான் இரண்டாவதை உதிர்த்துவிட்டு முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டன. ஆகவே இந்தக் கதையை 11 வயதுக்குக் கீழே எடுக்காதீர்கள். மேலே உள்ளவர்களுக்கும் 'குருபக்திக்கு எடுத்துக்காட்டு' என்று சொல்லி ஆரம்பிக்காமல், "துரோணர் செய்தது சரியா?" என்று கேட்டு ஆரம்பியுங்கள். முடிவை விழுங்கிவிட்டு மண்சிலை வரை மட்டும் சொல்லலாமே என்று நினைக்க வேண்டாம். மீதியை அவர்கள் ஏற்கெனவே கார்ட்டூனில் பார்த்திருப்பார்கள்.

இப்போது தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் வருவோம். இருவரும் ஒரே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். குருபக்தி என்றால் மறுபேச்சில்லாத கீழ்ப்படிதல் என்று இருவருமே எடுத்துக்கொண்டு, ஒருவர் அது வேண்டும் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். நூல்களில் இருப்பது வேறு. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் சொல்லும் அறிவுரையில் வருவது 'ஆசார்யதேவோ பவ'. பத்திரிகைகளும் பள்ளிச் சுவர்களும் அந்த இடத்தோடு நிறுத்திவிடும். ஆசாரியர் நிறுத்தவில்லை. அடுத்த மூச்சிலேயே, 'குற்றமில்லாத செயல்களை மட்டும் செய், மற்றவற்றைச் செய்யாதே. எங்களிடத்திலும் எவை நல்ல நடத்தையோ அவற்றை மட்டும் பின்பற்று, மற்றவற்றை அல்ல' என்கிறார். தன்னைத் தெய்வமாக நினை என்று சொன்ன அதே வாய், தன்னிடம் உள்ள குறையைப் பின்பற்றாதே என்றும் சொல்கிறது. உங்கள் வகுப்பில் இந்த இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொல்லுங்கள். நாலு வரி 'தேவோ பவ' வந்தால் ஐந்தாவதாக இது வர வேண்டும். பக்தியை இந்த வாரமும் எச்சரிக்கையை அடுத்த வாரமும் வைத்தால், அடுத்த வாரம் வராத பிள்ளைக்குப் பாதிதான் கிடைக்கும்.

கேள்வியே கூடாது என்பவருக்கு கீதை 4.34ஐக் காட்டலாம். ஞானத்தை அடைய அங்கே மூன்று வழி சொல்லியிருக்கிறது: வணங்குதல், நன்றாகக் கேட்டுத் தெளிதல், தொண்டு செய்தல். நம் வகுப்புகளில் முதலாவது நன்றாகவே நடக்கிறது. மூன்றாவது, ஆன்ட்டிக்குக் கடையில் கறிவேப்பிலை வாங்கி வருவதாகச் சுருங்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் கேள்வி காணாமலே போய்விடுகிறது. உபதேசம் முடியும் தறுவாயில் அர்ஜுனனிடம், 'இதையெல்லாம் முழுக்க யோசித்துப் பார், பிறகு உன் விருப்பப்படி செய்' என்றுதான் கண்ணன் சொல்கிறான் (18.63). சீடனிடம் இதைவிட மரியாதையாகப் பேசிய குரு யார் என்று தாத்தாவிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்விக்கென்று தனியாக 10 நிமிடம் ஒதுக்குங்கள். 45 நிமிட வகுப்பென்றால் இப்படி ஓடலாம்: 'ஸஹ நாவவது' சொல்லி உட்கார 5 நிமிடம், சுலோகம் 10, கதை 15, கேள்வி 10, பாய் மடித்து இடத்தைச் சுத்தம் செய்ய 5. 'ஸஹ நாவவது' எதற்கென்றால், குருவும் சீடனும் சேர்ந்து வேண்டிக்கொள்ளும் மந்திரம் அது. 'நாம் ஒருவரையொருவர் வெறுக்காமல் இருப்போமாக' என்று அதில் வருகிறது. வெறுப்பு இரண்டு பக்கமும் வரக்கூடியது என்று ரிஷிகளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களும் கைகூப்பி, பிள்ளைகளோடு அதே பாயில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர்களை மட்டும் சொல்ல வைத்துவிட்டு நீங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டக் கூடாது.

கூச்சப்படும் பிள்ளைகளுக்காக ஒரு டப்பாவும் துண்டுச்சீட்டும் வையுங்கள். வாரத்துக்கு மூன்று சீட்டு எடுத்தால் போதும். பதில் தெரியாவிட்டால் 'தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். அதற்கும் முன்னோடி உண்டு. பிரச்ன உபநிஷத்தில் ஆறு பேர் பிப்பலாதரிடம் கேள்வியோடு வருகிறார்கள். ஒரு வருஷம் இங்கே தங்கி இருங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், 'எங்களுக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்வோம்' என்கிறார் அவர். பிறகு அந்த ஆறு கேள்விகளும் பதில்களுமே ஓர் உபநிஷத்தாக நிற்கின்றன. ஆனால் 'அடுத்த வாரம்' என்று சொன்னதை அடுத்த வாரம் மறந்துவிட்டால், டப்பா அதோடு காலி.

சுலோகத்துக்கு 'குருர் ப்ரஹ்மா' போதும். 32 எழுத்து, வரிக்கு எட்டெட்டாக நாலு வரி. எட்டு தட்டு கைதட்டிக்கொண்டு ஒரு வகுப்புக்கு இரண்டு வரி சொல்லிக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வந்துவிடும். தவறு வழக்கமாக மூன்று இடத்தில் வரும். 'குருர்' என்பதில் கடைசி 'ர்' விழுந்து 'குரு பிரம்மா, குரு விஷ்ணு' ஆகிவிடும். தட்டு எண்ணிக்கை சரியாகவே இருப்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். 'தஸ்மை' என்பது 'தஸ்மே' ஆகும். மூன்றாவது வரியில் 'ஸாக்ஷாத்' என்பதன் 'த்'தை விழுங்கிவிட்டு 'பரப்பிரம்மா' என்று நீட்டுவார்கள். முதல் நாளே திருத்துங்கள். பாட்டாக மனசில் பதிந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

பொருள் சொல்லும் இடத்தில்தான் வழுக்கும். 'டீச்சர்தான் கடவுள், அவர் சொல்வதே வேதவாக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். தெரியாததை மனசில் புதிதாக முளைக்க வைப்பதால் பிரம்மா, மறக்காமல் காப்பதால் விஷ்ணு, தப்பாகப் புரிந்ததை அழிப்பதால் சிவன் என்று சொன்னால் குழந்தைக்குப் புரியும். உடனே ஒரு கணக்கைக் கேளுங்கள்: "ஏழெட்டு எவ்வளவு? யார் சொல்லிக் கொடுத்தது? மறந்தபோது யார் திரும்பச் சொன்னது? தப்பாச் சொன்னப்ப யார் திருத்தினது?" மூன்றுக்கும் மூன்று வேறு பேர்கள்கூட வரலாம். வரட்டும். இந்தச் சுலோகம் பாடப்படுவது ஆன்ம ஞானம் தரும் குருவுக்கு என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கணக்கு வாத்தியாருக்கு நன்றியும் மரியாதையும் உண்டு. அவரைப் பரப்பிரம்மமாக நினைக்கச் சொல்வது அவருக்கே சங்கடம்.

இனி கதைகள். ஐந்திலிருந்து ஏழு வயதுவரை, குருவென்றால் யார் என்பது மட்டும் போதும், தியாகக் கதை எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிறு அவர்களைப் பக்கத்துச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போய், கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தியைக் காட்டுங்கள். ஆலமரம், காலடியில் முயலகன், கையில் சின்முத்திரை, சுற்றி சனகாதி முனிவர் நால்வர். "சீடர் எல்லாம் தாடி வைத்த பெரியவர்கள், குரு இளைஞர், பார்த்தாயா?" என்று கேளுங்கள். அங்கிருந்து சுவாமிமலைக்குத் தாவலாம், அப்பாவுக்கே பிள்ளை பாடம் சொன்ன கதை. அறுபது தமிழ் வருஷப் பெயர் தாங்கிய அறுபது படி என்றால் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். குரு வயதில் பெரியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பது, சொல்லாமலே உள்ளே போய்விடும். போகிற போக்கில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுங்கள்: வியாழக்கிழமை மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் பெறும் தட்சிணாமூர்த்தி வேறு, நவக்கிரகத்தில் நிற்கும் குரு பகவானாகிய பிருகஸ்பதி வேறு. அவர் தேவர்களின் குரு. பெரியவர்களே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

எட்டு முதல் பத்து வயதுக்கு ஆருணியும் கண்ணன்–குசேலனும் நன்றாகப் பிடிக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆருணி வரப்பு உடைப்பில் தானே படுத்துத் தண்ணீரைத் தடுத்தான் என்று முடித்தால், உடம்பை வருத்திக்கொள்வதுதான் பக்தி என்று குழந்தை முடிவு கட்டும். மழையையும் இடியையும் படக்கதைகள் வேறு கூட்டிக்கொள்ளும். மூலத்தில் அடுத்து வருவதைச் சொல்லுங்கள். தௌம்யர் மற்ற சீடர்களிடம் "பாஞ்சாலத்து ஆருணி எங்கே?" என்று கேட்கிறார். நீங்கள்தானே வயலுக்கு அனுப்பினீர்கள் என்கிறார்கள். "அப்படியானால் எல்லோரும் அங்கே போவோம்" என்று கிளம்பி, வயலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதே தௌம்யரின் இன்னொரு சீடன் உபமன்யு பாழுங்கிணற்றில் விழுந்தபோதும் காட்டுக்குள் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகிறார். விறகு பொறுக்கப் போன கண்ணனும் குசேலனும் புயல்மழையில் வழிதவறி நின்றபோது, பொழுது விடிந்ததும் சாந்தீபனி முனிவர் தேடி வந்துவிட்டார் என்கிறது பாகவதம். மூன்று கதையிலும் சீடனைக் காணோம் என்றதும் தேடிப் போகிற குரு இருக்கிறார். அந்தப் பாதியை விட்டுவிட்டுச் சீடனின் பாதியை மட்டும் சொல்வதால்தான் அந்தக் கதைகள் இன்றைய பெற்றோருக்குப் பயமாக இருக்கின்றன.

உபமன்யு கதையை 11க்கு மேல் வையுங்கள். பிச்சை எடுத்ததை உண்ணாதே, பால் குடிக்காதே, கன்று கக்கிய நுரையைக்கூடத் தொடாதே என்று குரு ஒவ்வொன்றாகத் தடுப்பது சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் பட்டினியாகத்தான் படும். பசி தாங்காமல் எருக்கிலையைத் தின்று அவனுக்குக் கண் போகிறது. இங்கே கதையை ஒரு நிமிடம் நிறுத்தி, எருக்கம்பால் நிஜமாகவே கண்ணுக்குக் கெடுதி, விநாயகர் சதுர்த்திக்குப் பூப் பறித்துவிட்டுக் கண்ணைத் தேய்க்காதே, கையை சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். தௌம்யரின் மூன்றாவது சீடனான வேதன் என்பவனைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை. அவன் பிற்காலத்தில் தானே குருவானபோது, குருகுலத்தில் தான் பட்ட கஷ்டம் தெரிந்தவன் என்பதால் தன் சீடர்களை அப்படி வாட்டவில்லை என்று மகாபாரதமே சொல்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன்களிடம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. "வேதன் நன்றி கெட்டவனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

குரு சொன்னதை மீறலாமா என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் நூல்களிலேயே நிறைய. மூன்றடி மண் தராதே என்று சுக்கிராசாரியார் தடுத்தும், சாபமே கொடுத்தும், கொடுத்த வாக்கை மாற்றாதவன் மகாபலி. சண்டன், அமர்க்கன் என்ற இரு ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்த அரசியல் பாடத்தைப் பிரகலாதன் படித்தான், ஆனால் நல்லதென்று ஏற்கவில்லை. அம்பையை மணக்கச் சொன்ன பரசுராமரோடு பீஷ்மர் போர் புரிந்தார். தொடங்குமுன் தேரிலிருந்து இறங்கி நடந்துபோய் அவர் காலில் விழுந்து ஆசி வாங்கினார். விராட பர்வத்தில் அர்ஜுனன் துரோணரை எதிர்க்கும்போது முதலில் இரண்டு அம்பு அவர் காலடியில் வந்து விழும். அதுதான் வணக்கம். அடுத்த இரண்டு காதோரம் உரசிப் போகும். சண்டை அதன் பிறகுதான். பையன்களுக்கு இந்த அம்புக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் ஒரே ஒரு கதைதான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் திருக்கோஷ்டியூரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்பெருமானார் என்று போற்றப்படும் ராமானுஜர் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஒருவழியே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் 'பிறகு வா'. பதினெட்டாம் முறை, யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு கிடைத்ததை, கோயிலில் ஏறி நின்று ஊருக்கே சொல்லிவிட்டார். நம் மேடைப் பேச்சுகளில் கைதட்டல் அந்த இடத்தில் விழும், கதையும் அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு வருவது. குருவின் கோபத்துக்குப் பயந்து அவர் ஓடவில்லை. நம்பி கூப்பிட்டதும் எதிரில் வந்து நின்று, 'நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே' என்று காரணத்தைச் சொன்னார். நம்பியும் மனம் இளகி, 'எம்பெருமானாரே' என்று அவரை அணைத்துக்கொண்டார். பதினெட்டு முறை நடந்தவரும் ஒரு முறை மீறியவரும் ஒரே ஆள். மீறினால் ஒளிந்துகொள்ளாமல் எதிரில் நின்று காரணம் சொல்ல வேண்டும் என்பதையும், காரணம் சரியாக இருந்தால் குரு ஏற்றுக்கொள்வார் என்பதையும் குழந்தை ஒரே கதையில் பிடித்துக்கொள்ளும்.

நல்ல குருவை எப்படி அடையாளம் காண்பது என்பதற்குத் தமிழில் அருமையான கருவி ஒன்று இருக்கிறது. பவணந்தி முனிவர் சமணர். ஆனாலும் அவருடைய நன்னூல் பாயிரத்தை எல்லாச் சமயத்தாரும் பாடமாகப் படித்திருக்கிறார்கள். ஆசிரியராக இருக்கத் தகாதவர்க்கு அங்கே நாலு உவமை உண்டு: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. சொல்லாமல் செய்து காட்டுங்கள். பத்துக் கோலிக்குண்டில் 1 முதல் 10 வரை ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையாக ஒரு சொம்பில் போட்டுக் கவிழ்த்தால் முறையில்லாமல் கலந்து விழும். அது கழற்குடம், படித்த வரிசையில் சொல்லத் தெரியாதவர். வாய் குறுகின பாட்டிலில் பஞ்சைத் திணித்து, வெளியே எடுக்கச் சொன்னால் நூல் நூலாகத்தான் வரும். அது பருத்திக்குண்டிகை. பனையில் கருக்கு மட்டை ஏறவிடாது, தானாக விழுந்தால்தான் உண்டு. முடத்தெங்கு ஒருவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் காய் போடும். கூடவே, சீடன் ஆசிரியரிடம் நெருப்பின் அருகே குளிர்காய்பவனைப் போல இருக்க வேண்டும், ரொம்ப நெருங்கவும் கூடாது, விலகிப் போய்விடவும் கூடாது என்று அதே பாயிரம் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். பெயர் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே விதி போட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். குருபக்தி கற்பிக்கும் இடத்திலேயே பாதுகாப்பையும் கற்பிக்க வேண்டும், வேறு யாரோ பள்ளியில் சொல்லிக்கொள்வார்கள் என்று விடக்கூடாது. வாசகம் எளிமையாக இருக்கட்டும்: "எந்த டீச்சரும், எந்த மாமாவும், எந்தச் சாமியாரும் 'இதை அம்மாகிட்ட சொல்லாதே' என்று சொன்னால், அன்றைக்கே அம்மாகிட்ட சொல்லணும். தொடுவது பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம். அது குருவை அவமதிப்பதில்லை." 'மந்திரம் ரகசியம் இல்லையா?' என்று விவரமான பிள்ளை கேட்கும். பூணூல் கல்யாணத்தில் பட்டுத்துணி போர்த்திக் காதில் உபதேசம் செய்வது அப்பா, அம்மாவும் அதே துணிக்குள்ளேதான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். ரகசியம் மந்திரத்துக்குத்தானே தவிர, நடந்ததை மறைப்பதற்கு இல்லை. உங்கள் பக்கத்து விதிகள்: வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த மண்டபம், எந்தப் பிள்ளையையும் தனியாக வீட்டுக்கு வரச் சொல்வதில்லை, கால் பிடிக்கச் சொல்வதில்லை, சொந்த வேலை வாங்குவதில்லை. தொண்டு என்றால் பாய் மடிப்பது, குடிநீர்க் குடம் நிரப்புவது, பெரியவன் சின்னவனுக்கு ஒரு வரி சொல்லிக் கொடுப்பது. இதில் கடைசியது மிக உயர்ந்தது. யாராவது பிள்ளை ஏதேனும் சொன்னால் நீங்கள் விசாரணை செய்ய உட்காராதீர்கள், 1098க்குச் சொல்லுங்கள். போக்சோ சட்டம் (2012) வந்த பிறகு, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

பாத பூஜை. உங்களுக்கே செய்யச் சொல்வார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெற்றோருக்குப் பாத பூஜை செய்யும் வழக்கம் பல பள்ளிகளில் வந்திருக்கிறது. பார்க்க நெகிழ்வாக இருக்கும். ஆனால் அப்பா இல்லாத குழந்தை ஒன்று தாம்பாளத்தோடு தனியே நிற்கும். குரு பூர்ணிமா வியாச பூஜை நாள். ஆகவே வியாசர் படமோ தட்சிணாமூர்த்தி படமோ வைத்து, அதற்கு முன் எல்லோரும் சமமாக வணங்கினால் சம்பிரதாயத்துக்கும் குறைவில்லை. பௌர்ணமிக்கு அருகில் வரும் ஞாயிறு, மொத்தம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் சின்னதுகள் தூங்கிவிடும்.

மணை மேல் வெள்ளைத் துணி, படம், பக்கத்தில் பிள்ளைகளின் சுலோக நோட்டுகள். ஒரு குத்துவிளக்கு, பிள்ளைகள் பாவாடையும் வேஷ்டியுமாக வருவார்கள், விளக்கை மணைக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். உதிரிப்பூ கால் கிலோ, வெற்றிலை பாக்கு, பழம். 'ஸஹ நாவவது', 'குருர் ப்ரஹ்மா'. பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்து, ஒரு பூவைப் போட்டுவிட்டு, தனக்கு எதையாவது சொல்லிக் கொடுத்த ஒருவரின் பெயரையும் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்த அண்ணன், பூக்கட்டச் சொல்லிக் கொடுத்த பாட்டி, யாராக இருந்தாலும் சரி. பாகவதம் 11ஆம் கந்தத்தில் அவதூதர் பூமி, காற்று, தேனீ, சிலந்தி என்று 24 குருக்களை யது மன்னனுக்கு அடுக்குகிறார். நாயிடமிருந்து கற்றேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். முதல் வாரமே இதை அறிவித்தால் யோசித்து வருவார்கள். விழா நாளில் கேட்டால் பதினாறு பேரும் 'அம்மா' என்பார்கள்.

காணிக்கை வசூல் கூடாது, பத்து ரூபாய்கூட. கொண்டு வராதவன் யார் என்று தெரிந்துவிடும். தட்சிணையாக ஒரு வேலை கொடுங்கள்: கற்ற சுலோகத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

பிரசாதத்துக்குச் சுண்டல். பெற்றோரையும் சேர்த்து 25 பேருக்குச் சிறு தொன்னை அளவில் 600 கிராம் கொண்டைக்கடலை சரியாக இருக்கும். முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஊறப் போட்டுக் காலையில் தண்ணீர் மாற்றுங்கள். ஞாயிறு மாலை வரை அதே தண்ணீரில் கிடந்தால் புளித்து நுரைக்கும். தேங்காய்த் துருவலை மண்டபத்தில் கலந்துகொள்ளுங்கள், வீட்டிலேயே போட்டால் நாலு மணிக்குள் ஊசிவிடும்.

பெற்றோருக்கு முதல் வாரமே ஒரு சீட்டு அனுப்புங்கள்: என்ன கதை, எந்த வயதுக்கு, பாத பூஜை இல்லை, காசு இல்லை, கேள்வி நேரம் உண்டு. அந்த அம்மாவை இரண்டாவது பெரியவராக வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். தாத்தாவிடம் நாலாவது வாரம் திருக்கோஷ்டியூர் கதையை ஒப்படையுங்கள். அவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் சொல்லட்டும். நம்பி அணைத்துக்கொள்ளும் இடத்தை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.